பிக்சல் திகில் கேம்: நாலு புள்ளிக் கண் எப்படிப் பயமுறுத்துகிறது, எங்கே அது கெட்டுப்போகிறது

ஒரே ஆள் உருவாக்கிய சின்னத் திகில் கேமை முதல்முறை திறப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். படம் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது? நினைத்த இடத்தில் ஏன் சேவ் செய்ய முடியவில்லை? ஒரே தொடுதலில் ஏன் ஆட்டம் முடிகிறது? இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டதே, இது அரைகுறை கேமா?

இவற்றில் சில, உருவாக்கியவர் தெரிந்தே வைத்தவை. சில, நம் கணினியின் அமைப்பால் வரும் கோளாறுகள். இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுவதால் அருமையான கேம்கள் பத்தாவது நிமிடத்தில் மூடப்படுகின்றன. எது எந்த வகை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்த வகை

இதன் முக்கியமான ஊற்று ஜப்பான். அங்கே ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற மென்பொருள் வரிசை உண்டு. நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டங்களை அடுக்கி அறை கட்டலாம், பாத்திரம் நடமாட வைக்கலாம், கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்று வரிசையாக ஆணை கொடுக்கலாம். வாளேந்திய வீரர்களின் சாகசக் கதைக்காக வந்த இந்தக் கருவியைத் தனியாட்கள் திகிலுக்குத் திருப்பினார்கள்.

1996-ல் பி.சி.-98 என்ற ஜப்பானியக் கணினி வகைக்கு வந்த கார்ப்ஸ் பார்ட்டி இந்த வழியின் ஆரம்பகாலப் படைப்பு. 2004-ல் கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் யுமே நிக்கியை இலவசமாக வெளியிட்டார். 2008-ல் ஆவோ ஓனி வந்தது. 2012-ல் கோரி என்ற புனைபெயர்க்காரர் ஆர்.பி.ஜி. மேக்கர் 2000 என்ற பதிப்பில் செய்த 'இப்' என்ற கேம் வந்தது. பிறகு 2022-ல் அதன் படங்கள் புதிதாக வரையப்பட்டு விற்பனைக்கும் வந்தது. அமெரிக்காவில் வேறு கருவியில், வேறு அழகியலோடு உருவான ஃபெய்த் 2017-ல் முதல் அத்தியாயமாக வெளியாகி, 2022 அக்டோபரில் மூன்று அத்தியாயங்களுடன் முழுமையானது.

கையில் பணமில்லை, குழு இல்லை. ஆனால் எதை வரைய வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை முழுதாக இருந்தது. அந்த உரிமைதான் இவற்றின் பலம்.

புள்ளிக் கணக்கு

ஆர்.பி.ஜி. மேக்கர் 2000-ன் திரை அகலம் 320 புள்ளி (பிக்சல்), உயரம் 240 புள்ளி. மொத்தம் 76,800. இன்றைய சாதாரண 1920 × 1080 திரையில் இருப்பவை 20,73,600. அதாவது 27 மடங்கு.

தரை, சுவர் எல்லாம் 16 × 16 புள்ளிக் கட்டங்கள். ஒரு திரையில் 20 கட்டம் அகலம், 15 கட்டம் உயரம். ஒரு பாத்திரத்துக்குக் கிடைப்பது 24 × 32 புள்ளி. திசைக்கு மூன்று படம் வீதம் நான்கு திசைக்கு 12 படம், நடப்பதற்கு அவ்வளவுதான். முகத்தில் ஒரு கண்ணுக்கு இரண்டு புள்ளி, மிஞ்சினால் நான்கு.

நான்கு புள்ளியில் வெறித்த பார்வையையோ சோகத்தையோ வரைந்து காட்ட முடியாது. பார்ப்பவரே அதை இட்டு நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பும்போது தனக்கு எது பயமோ அதைத்தான் ஒவ்வொருவரும் வைப்பார்கள். சதையும் தோலுமாகத் துல்லியமாக வரைந்த பேய்க்கு ஒரு முகம்தான் உண்டு. மூன்றாவது முறை பார்க்கும்போது அது பழகிவிடும். புள்ளிப் பேய் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை, ஏனென்றால் அதை நாம் இன்னும் முழுதாகப் பார்த்ததே இல்லை.

ஃபெய்த் இதை எல்லைவரை கொண்டுபோகிறது. கதை நடப்பது 1987 செப்டம்பரில், கனெக்டிகட் மாநிலத்துக் காட்டில். திரை முழுக்கக் கறுப்பு. மரங்கள் சில கோடுகள். பாதிரியார் ஒரு சின்ன உருவம். நான்கு காலில் வெளிறிய உருவம் ஒன்று திரையின் விளிம்பிலிருந்து நுழைந்து ஓடிவருகிறது. கையில் இருப்பது சிலுவை ஒன்றுதான். அதைத் தூக்கிப் பிடித்தால் அது விலகும். ஆனால் தூக்கிப் பிடித்தபடி நடக்க முடியாது. ஓடுவதா, நின்று பிடிப்பதா? ஒரே பொத்தானில் இந்தத் தவிப்பு மொத்தமும் அடங்கிவிடுகிறது. இடையிடையே வரும் சில நொடிக் காட்சிகள் மட்டும் நிஜ மனித அசைவின் மேல் வரைந்தவைபோல வழவழப்பாக அசையும். அதுவரை தத்தித் தத்தி நடந்த உலகத்தில் திடீரென்று ஏதோ ஒன்று உயிரோடு நகர்வதைக் காணும்போது வயிறு கலங்கும்.

பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது

இப் கேமின் நாயகி ஒன்பது வயதுச் சிறுமி. பெற்றோரோடு ஓவியக் கண்காட்சிக்கு வருகிறாள், விளக்கு மங்குகிறது, கூட்டம் காணாமல் போகிறது. ஓவியங்களின் கீழே தலைப்புப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் கடினமான சொற்கள் வரும் இடத்தில் மூன்று கேள்விக்குறிகள் மட்டும் தெரியும். பிழையோ மொழிபெயர்ப்புக் குறையோ என்று பலர் நினைக்கிறார்கள். அவளுக்கு அந்தச் சொல்லைப் படிக்கத் தெரியாது, அதுதான் காரணம். பிறகு கேரி என்ற பெரியவன் உடன் சேரும்போது, அதே பலகையின் முன் நின்றால் அவன் படித்துச் சொல்கிறான். ஒரு துணை கிடைத்தது என்ற நிம்மதியை வசனமே இல்லாமல், மூன்று கேள்விக்குறிகளை வைத்துச் சொல்லிவிட்டார் கோரி. பல கோடி செலவழித்த கேம்களில் இவ்வளவு நுணுக்கமான பாத்திரப் படைப்பைக் காண்பது அரிது.

உயிர் அளவும் அப்படியே. எண்ணோ பட்டையோ கிடையாது. இப்பின் கையில் ஐந்து இதழ் உள்ள சிவப்பு ரோஜா. கேரியின் நீல ரோஜாவுக்குப் பத்து இதழ். அடிபட்டால் இதழ் உதிரும், பூச்சாடியில் வைத்தால் மீளும். குழந்தை எளிதில் அழியக்கூடியவள், பெரியவன் இரண்டு மடங்கு தாங்குவான் என்பது எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஆகவே முழுப் பூவோடு போய்ப் பூச்சாடியை வீணாக்க வேண்டாம். சில சாடிகள் ஒருமுறைக்குத்தான் உதவும்.

துரத்தல் எப்படி இயங்குகிறது

ஆவோ ஓனி போன்ற கேம்களில் புதியவர்கள் அதிகம் சாவது துரத்தலில். ஆர்.பி.ஜி. மேக்கரின் அடிப்படை விதிகள் தெரிந்தால் பாதிச் சாவைத் தவிர்க்கலாம்.

1. அசைவு கட்டக் கணக்கில் நடக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு அடியெடுத்து வைத்தால் அது முடியும்வரை திரும்ப முடியாது. திருப்பத்துக்கு வந்த பிறகு விசையை அழுத்தினால் ஒரு கட்டம் தாண்டிப்போய்ச் சுவரில் முட்டுவீர்கள். அந்த அரை நொடி போதும், பிடித்துவிடும். அடுத்த திசை விசையைச் சற்று முன்பே அழுத்திப் பழக வேண்டும்.

2. "நாயகனை நோக்கி நகர்" என்ற ஆணைக்கு மூளை கிடையாது. குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம் என்று பார்த்து, எது அதிகமோ அந்தத் திசையில் ஓரடி வைக்கும். வழி தேடாது. நடுவில் நீண்ட மேசை இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் சிக்கிக்கொண்டு நிற்கும். அறைக்குள் நுழைந்ததும் சுற்றி ஓடக்கூடிய மேசையோ தூணோ எங்கே என்று பார்த்துவைப்பது இதனால்தான். கேமை உருவாக்கிய சிலர் இந்த ஆணையை மாற்றி எழுதிவிடுவார்கள், அங்கே இந்த வித்தை எடுபடாது.

3. அறை மாறினாலும் துரத்தல் ஓயாது. துரத்தல் நடக்கிறது என்ற குறிப்பைக் கேம் வைத்துக்கொண்டு, நீங்கள் அடுத்த அறைக்குள் போன சிறிது நேரத்தில் அதே வாசலில் பேயை நிறுத்தும். உள்ளே நுழைந்த இடத்திலேயே நின்று மூச்சு வாங்கினால் நேராக அதன் மடியில்தான் இருப்பீர்கள்.

4. பொருளை ஆராய அதை நேராகப் பார்த்தபடி அடுத்த கட்டத்தில் நிற்க வேண்டும். மூலைவாட்டில் நின்று இசட் விசையை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. "இந்த அலமாரியில் எதுவும் இல்லை" என்று தவறாக முடிவுகட்டி, சாவியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் அலைபவர்கள் ஏராளம்.

புதிய சாவியைத் தொடுமுன் வெளியேறும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். பொருளை எடுத்த நொடியில்தான் பெரும்பாலும் துரத்தல் தொடங்கும்.

சேவ்: ஏன் கஞ்சத்தனம், எப்படிச் சமாளிப்பது

எங்கும் எப்போதும் சேவ் செய்யலாம் என்றால் கதவைத் திறக்கும்போது கை தயங்காது. யுமே நிக்கியில் நாயகியின் அறையிலுள்ள மேசையில் நாட்குறிப்பு எழுதினால்தான் சேவ் ஆகும். கனவுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் கன்னத்தைக் கிள்ளி விழித்து வர வேண்டும். தூரம் போகப் போக இழப்பு கூடும் என்ற எண்ணமே பாதிப் பயம்.

இதில் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது. இதழ் ஒன்று மட்டும் மிச்சம், கதவுக்கு வெளியே பேய், அந்த நிலையில் ஒரே இடத்தில் மேலெழுதி சேவ் செய்துவிட்டால் மீள முடியாமல் போகலாம். ஆர்.பி.ஜி. மேக்கர் 2000 கேமில் 15 சேவ் இடங்கள் உண்டு, ஆர்.பி.ஜி. மேக்கரின் எக்ஸ்.பி. பதிப்பில் 4 மட்டும். குறைந்தது மூன்று இடங்களைச் சுழற்சியில் பயன்படுத்துங்கள். புதிய பகுதிக்குள் நுழைவதற்கு முன்னால் எடுத்த சேவ் ஒன்றைத் தொடாமல் வையுங்கள். இது ஏமாற்று வேலை ஆகாது, பயமும் குறையாது.

படம் கெடுவது: முழுத்திரைக் கோளாறு

பிக்சல் கேம் அசிங்கமாகத் தெரிகிறது என்ற புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் பெருக்கல் கணக்கு. 320 × 180 புள்ளிக் கேமை 1920 × 1080 திரையில் போட்டால் சரியாக ஆறு மடங்கு. ஒவ்வொரு புள்ளியும் 6 × 6 சதுரமாக, கூர்மையாக நிற்கும்.

அதே கேமை 1366 × 768 லேப்டாப்பில் முழுத்திரையாக்கினால் 4.27 மடங்கு வருகிறது. அரைகுறைப் புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாது. ஆகவே 320 நெடுவரிசைகளில் 234 வரிசை 4 புள்ளி அகலத்திலும் 86 வரிசை 5 புள்ளி அகலத்திலும் வரும். பாத்திரம் நடக்கும்போது முகம் அகன்று சுருங்கும், ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகும். இதை மறைக்கச் சில அமைப்புகள் படத்தைக் குழைத்துவிடும். அப்போது எல்லாம் கலங்கிய தண்ணீரில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். நான்கு புள்ளிக் கண்ணைக் குழைத்தால் அங்கே கண்ணே இல்லை, ஒரு கறைதான் இருக்கும்.

தீர்வு முழு எண் மடங்கு. கேமின் அமைப்பில் அந்த வசதி இருந்தால் போடுங்கள்; இல்லையென்றால் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் மூன்றின் புதிய கிராஃபிக்ஸ் அமைப்புகளிலும் அது உண்டு. மேலே சொன்ன லேப்டாப்பில் நான்கு மடங்குக்கு 1280 × 720 வரும். இடமும் வலமும் 43 புள்ளி, மேலும் கீழும் 24 புள்ளி கறுப்பு ஓரம் விழும். 320 × 240 கேமுக்கு 1920 × 1080 திரையில் நான்கு மடங்கில் 1280 × 960 கிடைக்கும். பக்கவாட்டுக் கறுப்பை நிரப்பப் படத்தை அகலமாக இழுக்கவே கூடாது. இருட்டறையில் அந்த ஓரங்கள் கண்ணுக்கே தெரியாது.

மற்ற கோளாறுகள்

1. எஃப்12. பழைய ஆர்.பி.ஜி. மேக்கர் கேம்களில் இந்த விசை ஆட்டத்தைத் தலைப்புத் திரைக்குத் தள்ளிவிடும். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் இயல்பாக அதே விசைதான். புதிரின் எண்ணைப் படம் பிடிக்கப் போய் ஒரு மணி நேர ஆட்டத்தை இழப்பது இப்படித்தான். ஸ்டீம் அமைப்பில் விசையை மாற்றுங்கள். எண்களைக் காகிதத்தில் குறிப்பது அதைவிட உத்தமம்.

2. ஜப்பானியக் கோப்புப் பெயர்கள். பழைய இலவசக் கேமின் ஜிப் கோப்பைச் சாதாரணமாகப் பிரித்தால் பெயர்கள் சிதைந்து, "கோப்பு இல்லை" என்று கேம் நின்றுவிடும். வின்ராரில் நேம் என்கோடிங் பட்டியலில் ஜப்பானிய எழுத்துக்குரிய 932-ஐத் தேர்ந்து பிரிக்க வேண்டும். பிறகு, கணினி ஜப்பானிய மொழி அமைப்பில் இருப்பதாகக் கேமை நம்பவைக்கும் லொகேல் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக ஓட்ட வேண்டும். விண்டோஸ் முழுவதையும் ஜப்பானிய லொகேலுக்கு மாற்றினாலும் ஓடும். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப் எழுத்துருக்களில் வேலை செய்பவர்களுக்கு அது வினையாகும்: அந்தப் பழைய தமிழ் மென்பொருள்களில் எழுத்துகள் குப்பையாகத் தெரியத் தொடங்கும்.

3. ஆர்.டி.பி. இல்லை என்ற செய்தி. பொதுவான படங்களும் ஒலிகளும் அடங்கிய தனித் தொகுப்பு அது. கேம் எந்தப் பதிப்பில் செய்யப்பட்டதோ அதற்குரிய தொகுப்பை நிறுவ வேண்டும். எக்ஸ்.பி. கேமுக்கு வி.எக்ஸ். தொகுப்பு உதவாது.

4. சேவ் காணாமல் போவது. பழைய கேமை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் வைத்தால் விண்டோஸ் அங்கே எழுத விடாது, அல்லது சேவை வேறொரு மறைவிடத்துக்குத் திருப்பிவிடும். ஆவணக் கோப்புறையிலோ தனி டிரைவிலோ வையுங்கள்.

5. ஒலி. லேப்டாப் ஸ்பீக்கரில் ஆழமான முழக்கம் கேட்காது. அறையில் ஏதோ சரியில்லை என்று முதலில் சொல்வதே அந்த முழக்கம்தான். ஹெட்போன் வேண்டும், அதுவும் கம்பி உள்ளது. புளூடூத்தில் 200 மில்லிவிநாடி தாமதம் சாதாரணம். நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் அது 12 படம். காலடி ஓசை காதுக்கு வருமுன் பேய் ஓரடி எடுத்துவைத்திருக்கும்.

6. வெளிச்சம். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் இருண்ட காட்சிகளில் தாமாக வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். ஒரே அறை ஒருமுறை சாம்பலாகவும் ஒருமுறை கரியாகவும் தெரிந்தால் இதுதான் காரணம். சார்ஜரில் போட்டு, தானியங்கி வெளிச்சத்தை அணைத்து ஆடுங்கள்.

சீக்கிரம் முடிந்துவிட்டதா?

இப் கேமின் பிந்தைய இலவசப் பதிப்பில் ஏழு முடிவுகள் உண்டு. கேரியோடு எவ்வளவு பேசினீர்கள், எதை உடைத்தீர்கள், யாரிடம் எப்படிப் பதில் சொன்னீர்கள் என்று கேம் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே வரும். மதிப்பெண் எங்கும் காட்டப்படாது. ஆகவே முதல் ஆட்டத்தில் வந்தது உங்கள் நடத்தைக்குக் கிடைத்த முடிவு, கேமின் முடிவு அல்ல. யுமே நிக்கியில் ஓர் அறையின் விளக்கை அணைத்தால் 64-ல் ஒரு முறை மட்டுமே ஒரு உருவம் தோன்றும். முழு ஆட்டத்திலும் அதைப் பார்க்காதவர்கள் உண்டு.

முதல் ஆட்டத்துக்கு வழிகாட்டி வேண்டாம். முடிவு வந்த பிறகு, நடுவில் எடுத்த சேவிலிருந்து ஒரு முடிவெடுப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைத் தூண்டியது என்று தெரியாது.

தமிழில் ஏன் வருவதில்லை

ஆசையுள்ளவர்கள் இருக்கிறார்கள், தடையும் இருக்கிறது. ஆர்.பி.ஜி. மேக்கர் 2000-ன் வசனப் பெட்டியில் நான்கு வரி. வரிக்கு 25 ஜப்பானிய எழுத்து, ஒவ்வொன்றும் 12 புள்ளி அகலம். தமிழில் 'ண' எழுத்தின் சுழிகளையும் கோடுகளையும் இடைவெளியோடு காட்டவே அந்த அகலம் முழுதும் செலவாகும். குறைத்தால் ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும். வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். அந்தப் பதிப்புக்கு யூனிகோடும் தெரியாது.

பின்னால் வந்த ஆர்.பி.ஜி. மேக்கர் எம்.வி. பதிப்பு யூனிகோடைப் படிக்கும், ஆனால் வசனத்தை ஒவ்வொரு குறியாகப் பிரித்து வரையும். 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். எம்.வி. முதலில் 'க'வை வரைந்துவிட்டு, அடுத்த இடத்தில் உயிர்க்குறியைப் புள்ளிவட்டத்தோடு தனியாக நிறுத்தும். மெய்யின் புள்ளியும் அப்படித்தான் பிரிந்து நிற்கும். வரைவதற்கு முன்பே மெய்யையும் உயிர்க்குறியையும் ஓர் எழுத்தாகச் சேர்த்துக் கொடுக்கும் சின்னத் துணைநிரல் ஒன்றை எழுதினால் இது சரியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு ஒருநாள் வேலை. வசனம் குறைவாக உள்ள கேம் என்றால், வரிகளைப் படமாக வரைந்து பெட்டியில் ஒட்டுவதும் போதும்.